ஆயுள் டிக்கெட்

ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கம் பார்க்க வேண்டும் என்று தளவாய் போட்டு வைத்திருந்த திட்டத்துக்கும் அவருடைய கல்யாணத்துக்கும் ஒரே வயது. இருபத்து நாலு. மறுவீட்டு விருந்தில், இலையில் பாயசம் விழுந்துகொண்டிருக்கும்போது, புதுப்பெண்டாட்டியின் காதில் அவர் சொன்ன முதல் ரகசியமே அதுதான்.

"நாம ரெண்டு பேரும் ஆப்பிரிக்கா போறோம். அங்க மாரான்னு ஒரு ஆறு. காட்டுமாடு லச்சக்கணக்குல வந்து எறங்குமாம். கரையில நின்னு பாக்கணும். ஆயுள் டிக்கெட்ட அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

"சரி அத்தான்" என்றாள் ஆவுடைச்செல்வி. பேச்சு வந்த நாளிலிருந்து அவள் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறாள். அவருடைய தாய்மாமா மகள் அவள், முறைப்பெண். கல்யாணம் அந்தக் கூப்பாட்டை மாற்றவில்லை.

ஆயுள் டிக்கெட் என்பது அரசாங்கம் வைத்த பெயர் அல்ல. வானம் கொதித்துப்போய், விமானங்களைக் குறைத்தே தீரவேண்டும் என்று எல்லா நாடுகளும் கூடிக் கையெழுத்துப் போட்டபோது, ஆளுக்கு ஆயுசில் ஒரே ஒரு தூரப் பறப்பு என்று முடிவானது. ஒரு போக்கு, ஒரு வரத்து. அதோடு சரி. பணக்காரனுக்கும் ஒன்றுதான், பிச்சைக்காரனுக்கும் ஒன்றுதான். விற்கக்கூடாது. ரத்த உறவுக்கு மட்டும் கொடுக்கலாம். சட்டத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஜனங்கள் ஆயுள் டிக்கெட் என்று சுருக்கிக்கொண்டார்கள்.

தளவாய்க்குப் பாளையங்கோட்டையில் லிஃப்ட் மெக்கானிக் வேலை. நாள் முழுக்க ஏறுவதும் இறங்குவதும்தான் பிழைப்பு என்றாலும் மனுசன் போய்ச்சேர்ந்த உச்சம் பதினோராவது மாடி. செல்வி அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் இல்லை. அந்த வருத்தம் ஒரு காலத்தில் இருந்தது. பிறகு அந்த இடத்தில் ஆப்பிரிக்கா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

சும்மா சொல்லக்கூடாது, திட்டம் என்றால் அப்படி ஒரு திட்டம். எந்த மாதம் என்பதிலேயே இரண்டு வருசம் ஓடியது. காட்டுமாடு ஆறு கடக்கிறது ஆடி, ஆவணி, புரட்டாசியில். ஆடியில் கிளம்பக்கூடாது என்றாள் செல்வி. ஆவணியில் பள்ளிக்கூடத்தில் தணிக்கை வரும். சரி, புரட்டாசி. "விரத மாசத்துல சிங்கம் மானக் கடிச்சுத் தின்னுறதப் பாக்கலாமாட்டி?" என்று இவருக்கு ஒரு கவலை. "தின்னுறது அது. நாம பாக்கத்தானே செய்யுதோம்" என்று அவள்தான் தீர்ப்புச் சொன்னாள். நீலத் துணி எடுக்கக்கூடாது, அந்த ஊர் ஈ நீலத்தைத் தேடி வந்து கடிக்கும் என்று படித்த அன்றைக்கே தன்னுடைய மயில்கழுத்துச் சேலையைத் தங்கச்சி முறைக்காரி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். அந்த ஊர்ப் பாஷையில் சிங்கத்துக்கு சிம்பா, யானைக்குத் தெம்போ, மெதுவா மெதுவா என்பதற்குப் போலே போலே. அவர் பத்து வார்த்தை கற்றுக்கொண்டால் அவள் முப்பது கற்றுக்கொண்டாள்.

"கண்ணுல கருவியை மாட்டிக்கிட்டா வீட்டுலேயே சிங்கம் பாக்கலாமே, எதுக்கு இந்தப் பாடு?" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்பார்கள். "கல்யாணப் பந்தியப் படமெடுத்துப் போட்டா வயிறு நெறையுமாவே?" என்பார் தளவாய்.

டிக்கெட் இருந்தால் மட்டும் போதாது. காட்டுக்குள் வருசத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு. உலகம் பூராவும் பெயர் கொடுத்து, குலுக்கலில் விழ வேண்டும். பதினோரு வருசமாக இரண்டு பேர் பெயரையும் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருசமும் விழவில்லை.

பன்னிரண்டாம் வருசம் விழுந்தது.

வியாழக்கிழமை காலை, செல்வி பள்ளிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தளவாயின் கைபேசியில் செய்தி வந்தது. மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்து மூன்று வயது ஆள், கூடத்தில் நின்று குதித்தார். "விழுந்துட்டுட்டி! நம்ம பேரு விழுந்துட்டு! புரட்டாசி பத்தாந்தேதி! ரெண்டு நாளைக்குள்ள உறுதி பண்ணணுமாம், இல்லன்னா போச்சாம், மறுபடி பேரே கொடுக்க முடியாதாம்!"

செல்வி ஒரு காலில் செருப்போடு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. சந்தோசம் ஒரேயடியாக வந்தால் சில பேருக்கு அப்படி ஆகும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இன்னைக்கே போகணுமா அத்தான்?"

"பின்ன? லீவு சொல்லு."

பயண அலுவலகம் ஜங்ஷன் பக்கத்தில், மாடியில். அங்கே மேலப்பாளையத்துப் பெண் ரிஃபானா இருந்தாள். முப்பது வயதிருக்கும்; தூரப் பறப்புக்கு ஆள் வருவதே அபூர்வம் என்பதால் இவர்களைக் கல்யாண வீட்டுக்காரர்களைப் போல வரவேற்றாள். தளவாய் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். ஆற்றைப் பார்த்த கூடாரம்தான் வேண்டும், சிமெண்டுக் கட்டடம் வேண்டாம். ஆறு நாள் மாராவில், ரெண்டு நாள் ஏரிக்கரையில். ஜீப்பில் இடது பக்க சீட்டு, ஏனென்றால் காலையில் வெயில் வலது பக்கம் அடிக்கும்.

ரிஃபானா சிரித்தாள். "சார், என் வேலையே நீங்க பாத்துட்டீங்க. ரெண்டு பேரும் கட்டைவிரல மட்டும் வச்சிடுங்க."

தளவாய் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. செல்வி வைத்தாள். சிவப்பு.

"கை ஈரமா இருக்கும். தொடச்சிட்டு வையி."

செல்வி துடைக்கவில்லை. ரிஃபானா திரையைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், உங்க டிக்கெட்ட நீங்க கொடுத்துட்டீங்களே" என்றாள்.

"என்னது? யாருக்கு?" என்றார் தளவாய்.

"அத மேடந்தான் சொல்லணும் சார். இருபத்திரெண்டு வருசத்துக்கு முன்னால மாத்தியிருக்கு. மேடம் கைரேகை இருக்கு."

"எங்கண்ணனுக்கு" என்றாள் செல்வி. மேஜையைப் பார்த்தபடி சொன்னாள்.

வீடு வந்து சேரும்வரை தளவாய் பேசவில்லை. வந்ததும் பேசினார். தெருவுக்கே கேட்டது. இருபத்திரெண்டு வருசமாகத் தன்னை முட்டாளாக்கியதாகச் சொன்னார். கூடாரம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ராத்திரி ராத்திரியாக இவள் வாதாடியதெல்லாம் நாடகமா என்று கேட்டார். உன் அண்ணன் மாசானத்துக்குச் சொந்த டிக்கெட் இல்லையா, உன்னுடையதையும் பிடுங்கிக்கொண்டு போக அவனுக்கு என்ன கேடு என்று கேட்டார். செல்வி தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தினபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா செத்தப்ப அண்ணனுக்கு ஃபோன் போட்டது யாரு?"

தளவாய் நின்றார்.

"நீங்கதான். எல்லாரு முன்னாலயும் வச்சுப் போட்டீய. அண்ணன் அங்க கனடாவுல இருந்து அழுதான். போனதுல பாதி டிக்கெட் முடிஞ்சிட்டு, இப்ப வந்தா மீதியும் முடிஞ்சிரும், திரும்பிப் போக முடியாது, மதினி நிறைமாசமா இருக்கான்னு சொன்னான். நீங்க என்ன சொன்னீய? சொல்லுங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது. மாமாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தது. தாய்மாமா; தூக்கி வளர்த்தவர். பெற்ற மகன் இருக்கும்போது வேறொருவன் கொள்ளி வைப்பதா என்று ஊர் முணுமுணுத்தது. பெரிய மருமகன் என்கிற மிடுக்கில் இவர்தான் போனைப் பிடுங்கிப் பேசினார். ஐஸ் பெட்டியில் மூணு நாள் வைக்கிறோம், நீ வந்தே ஆகணும்ல, அப்பனுக்குக் கொள்ளி வைக்காதவன் புள்ளையா என்று கேட்டார். திரும்பிப் போறத அப்புறம் பாத்துக்கிடலாம் என்றும் சொன்னார்.

"அப்புறம் யாரு பாத்தா அத்தான்? பதினாறு முடிஞ்சதும் நீங்க வேலைக்குப் போயிட்டீய. அண்ணன் கிறுக்குப் புடிச்சவன் மாதிரி வாசல்ல உக்காந்திருந்தான். அங்க அவளுக்கு வலி எடுத்தா பக்கத்துல ஆளில்ல. நாந்தான் கூட்டிட்டுப் போயி விரல வச்சிட்டு வந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். அன்னைக்குப் பாத்து நீங்க ஆப்பிரிக்கா வரைபடம் வாங்கிட்டு வந்து செவுத்துல ஒட்டுனீய. அப்புறம் நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு... குலுக்கல்ல நமக்கு எங்க விழப்போகுதுன்னு நெனச்சேன்."

அதற்கு மேல் கத்த அவருக்குத் தெம்பு இல்லை. யாரைத் திட்டுவது? செத்துப்போன மாமாவையா?

சாயங்காலம் மாசானத்தைக் கூப்பிட்டார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் மாசானம் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்; ஐம்பது வயது ஆள்.

"தங்கச்சி உங்ககிட்ட சொல்லிட்டான்னுதான் அத்தான் இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன். அவ கொடுத்ததுல எனக்கு வரத்துப் பாதி அப்படியேதான் இருக்கு. அங்க வந்தா திரும்ப முடியாதேன்னு பயத்துல ஊர்ப்பக்கமே வரல."

"அந்தப் பாதிய அவ பேருக்கு மாத்த முடியுமால?"

"முடியாதாம் அத்தான். தொட்ட டிக்கெட்ட மாத்த முடியாது. எதுக்கும் எம்மவகிட்ட கேட்டுப் பாக்குதேன். அவகிட்ட ஒண்ணு இருக்கு. அத்தைக்குக் கொடுக்கலாம்."

ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண்ணே பேசினாள். எந்தப் பிரசவத்துக்காக அந்த டிக்கெட் போனதோ, அந்தப் பிரசவத்தில் பிறந்தவள். உடைந்த தமிழில், ரொம்ப மரியாதையாகப் பேசினாள். "மன்னிச்சிடுங்க மாமா. எனக்கு இருக்குறது ஒண்ணே ஒண்ணு. அத்தைய நான் பாத்ததுகூட இல்ல." அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனாலேயே தளவாய்க்கு அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் காலையில் செல்வி அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "நீங்க மட்டும் போயிட்டு வாங்க அத்தான். என்னால நீங்களும் கெட வேண்டாம்" என்றாள். அவர் முடியவே முடியாது என்றார். நீ இல்லாமல் நான் எங்கே போக என்றார். மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டார். செல்வியும் கூடக் கிளம்பினாள்.

ரிஃபானா அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஒருத்தருக்கு மட்டும் போடவா சார்?" என்று கேட்டாள். தளவாய் தலையாட்டினார். விரலை வைக்கப் போகும்போது அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒரு நிமிஷம் சார். நேத்தே கேக்கணும்னு நெனச்சேன். மேடம் உங்கள அத்தான்னு கூப்பிட்டாங்க. சொந்தத்துல முடிச்சீங்களா?"

"ஆமா. எங்க தாய்மாமா மவ."

"அப்படின்னா ஒண்ணு இருக்கு. எல்லா வழியையும் சொல்லணும்ங்கிறது எங்க விதி, அதனால சொல்றேன். புருசன் பெண்டாட்டிக்கு டிக்கெட் கொடுக்க முடியாது. அதுக்குன்னே நாலு பேரு பொய்யாக் கல்யாணம் பண்ணிடுவாங்கன்னு சட்டத்துல அடச்சிட்டாங்க. ஆனா அத்தை மகன் மாமன் மகளுக்குக் கொடுக்கலாம். அது ரத்த உறவுல வருது. ரெண்டும் ஒரே ஆளா இருக்கும்னு சட்டம் எழுதுனவங்களுக்குத் தோணல போல."

தளவாய் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அப்ப ரெண்டு பேரும் போலாமா?"

"இல்ல சார்." ரிஃபானாவுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. "டிக்கெட் ஒண்ணுதானே இருக்கு. நீங்க போகலாம், இல்லன்னா அத மேடத்துக்குக் கொடுத்தா மேடம் போகலாம். அவ்வளவுதான்."

எழுந்தவர் உட்கார்ந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் போல அவருக்கு இருந்தது. காலையில் அவள் விட்டுக்கொடுத்தாள். இப்போது தன் முறை. மூன்றாம் மனுசி வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்ப நீயே போயிட்டு வாயேன் செல்வி" என்றார். "எனக்கென்ன, நான் புஸ்தகத்துல எல்லாம் பாத்தாச்சு."

வாசலில் நிற்கிறவரைச் சாப்பிட்டுவிட்டுப் போங்களேன் என்று கேட்போமே, அது மாதிரிதான் சொன்னார். அவர் இருக்கட்டும் என்பார், நாமும் விட்டுவிடுவோம். ஊர் உலகத்தில் நடக்கிறதுதான். செல்வி இருக்கட்டும் என்று சொல்வதற்காகத் தளவாய் காத்திருந்தார்.

"சரி அத்தான்" என்றாள் செல்வி. "நான் போறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு எதுவும் இல்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. தனியாப் போகணும். பாஷை தெரியாத ஊரு."

"உங்கள விட எனக்கு அந்தப் பாஷை நல்லாத் தெரியும்."

"அதுக்கில்லட்டி..."

"இருபத்து நாலு வருசமா நீங்க சொல்லச் சொல்லக் கேட்டவ நான்" என்றாள் செல்வி. "எனக்கு ஆச இருக்கா இல்லையான்னு ஒரு நாளு கேட்டிருக்கீயளா? உங்களுக்காகத் தலையாட்டுதேன்னே நெனச்சிக்கிட்டீய. அன்னைக்கு விரல வச்சிட்டு வெளிய வந்து, அந்தப் பஸ் ஸ்டாண்டுல நின்னு நான் அழுதது உங்கள நெனச்சி இல்ல. நான் அந்த ஆத்தப் பாக்கவே மாட்டேனேன்னுதான் அழுதேன். இப்ப நீங்க உங்க வாயால போங்குதீய. போறேன்."

ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. எப்படி எழும்? இருபத்து நாலு வருசக் குடித்தனத்தில் அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். வேண்டாம், நான்தான் போவேன் என்று உள்ளே ஒருவன் சின்னப் பிள்ளை மாதிரிக் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தான். ரிஃபானா பொத்தான்மேல் விரலை வைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெறுபவர் என்ன உறவுன்னு போடணும் சார்" என்றாள் மெதுவாக.

"மாமன் மகள்" என்றார் தளவாய். கட்டைவிரலை வைத்தார். பச்சை எரிந்தது, கொஞ்ச நேரத்தில் அவர் பெயருக்கு நேராகச் சிவப்பானது.

புரட்டாசி வரைக்கும் இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் தளவாய் குறை வைக்கவில்லை. தொப்பி வாங்கிக் கொடுத்தார், தூரநோக்கியைத் துடைத்துக் கொடுத்தார், புளிக்காய்ச்சல் கசியாமல் மூடுகிற டப்பா தேடிக் கடை கடையாக அலைந்தார். ஆறு கடக்கிறதை எங்கே நின்று பார்க்க வேண்டும், முதல் மாடு எப்படித் தயங்கும், அதற்குப் பின்னால் எப்படித் திபுதிபுவென்று இறங்கும் என்று தினமும் சொன்னார். செல்வி உம் கொட்டினாள். விமான நிலையத்தில் அவர் காலையிலிருந்து சாப்பிடாமல் நின்றார். அவள் அவர் கையைப் பிடித்து, "வயித்தக் காயப் போடாதீய" என்றாள். உள்ளே போகும்போது அவள் நடையில் ஒரு வேகம் இருந்தது. அந்த வேகத்தை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் முற்பகல், அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குள் தளவாய் கிரீஸ் கையோடு இருந்தபோது அழைப்பு வந்தது. கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"என்னட்டி? பாத்தியா? எறங்குச்சா?"

"பாத்தேன் அத்தான்." அதோடு நின்றுவிட்டாள்.

"சொல்லு, சொல்லு. மொத மாடு தயங்கி நின்னுதா?"

"அப்படியெல்லாம் இல்ல அத்தான்."

"பின்ன?"

"நீங்க சொன்ன மாதிரியே இல்ல. வேற மாதிரி இருக்கு."

"வேற மாதிரின்னா எப்படி?"

அவள் முயன்றாள். "அது... அந்தச் சத்தம்... இல்ல, சத்தம்னு சொல்லக்கூடாது... எப்படிச் சொல்ல..." பிறகு சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சமையல்கட்டில் பாத்திரம் வைக்கிற விதத்திலேயே மனசைத் தெரிந்துகொள்கிற மனுசனுக்கு, அது தெரியவில்லை. "ஜீப் கெளம்புது அத்தான். வந்து சொல்லுதேன்."

"செல்வி, இரு, ஒரு வார்த்த..."

வைத்துவிட்டாள்.

கீழே யாரோ லிஃப்டுக்கு மணியடித்துக்கொண்டே இருந்தார்கள். தளவாய் கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, வேற மாதிரி, வேற மாதிரி என்று சொல்லிப் பார்த்தார். ஆறு வந்தது. செம்மண் கரை வந்தது. முதல் மாடு கரையில் தயங்கி நின்றது. இருபத்து நாலு வருசமாக அவர் பார்த்துக்கொண்டிருக்கிற அதே ஆறு, அதே மாடு. அது அப்படி இல்லை என்று இப்போது தெரியும். கண்ணை இன்னும் இறுக்கி மூடிப் பார்த்தார். வேறு ஆறு எதுவும் வரவில்லை.